மூன்றாம் ஓலை

ஐரீன் மிஸ்ஸுக்குக் கல்யாணம் என்ற செய்தி ராயபுரத்துக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் அத்தனை பேரையும் ஒரு வாரத்துக்கு நல்லவர்களாக்கி வைத்திருந்தது. மிஸ்ஸுக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு தம்பிகளுக்கும் பெண் பார்த்துக் கட்டிவைத்து, அவர்கள் தனிக்குடித்தனம் போன பிறகு, படுத்த படுக்கையான அம்மாவையும் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேபையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர். "இனிமே எங்க" என்று கையை விரித்தவர்களே இப்போது "நான் அப்பவே சொன்னேன்" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஜனங்களின் நாக்குக்கு வெட்கம் என்பதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் லியோனார்ட் ஃபாதர் ஓலை வாசித்தார். ஓலை என்று பேர்தானே தவிர, டைப் அடித்த காகிதம்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் படிப்பார்கள். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி. எண்ணூர் பங்கைச் சேர்ந்த டெரிக், நம் பங்கைச் சேர்ந்த ஐரீன், இது இரண்டாம் அறிவிப்பு என்று ஃபாதர் முடித்ததும் பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தது. மிஸ் சிரிப்பை அடக்கத் தெரியாமல் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மாடியில் பாடகர் குழுவோடு நின்றிருந்த கிறிஸ்டினாவும் பார்த்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் பாட்டுப் புத்தகத்துக்குக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மிஸ்ஸே அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"கிறிஸ்டினா, காலேஜ் எப்டி போவுது? கெமிஸ்ட்ரிதான எடுத்துகீற?"

"ஆமா மிஸ்."

"என் கல்யாணத்துல நீதான் பாடணும். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். முடியாது கிடியாதுன்ன, ரெகார்ட் நோட்ட கிழிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். கிறிஸ்டினாவின் அம்மா எல்சி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "உங்களுக்குப் பாடாம வேற யாருக்கு டீச்சர் பாடப்போறா" என்று மகளை முன்னால் தள்ளிவிட்டாள். மிஸ் கிறிஸ்டினாவின் கன்னத்தைத் தட்டினார். தட்டிய வலது கையின் மணிக்கட்டில் அகலமான தோல்பட்டை போட்ட கைக்கடிகாரம் இருந்தது. கடிகாரம் ஏன் வலது கையில், பட்டை ஏன் அவ்வளவு அகலம் என்று அந்தக் கூட்டத்திலேயே கிறிஸ்டினாவுக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாம் ஒரு ரெகார்ட் நோட்டில் தொடங்கியது. அது 2006. கிறிஸ்டினா பிளஸ் ஒன். பக்கத்துப் பெண்ணின் பரிசோதனை அளவுகளை ஈயடிச்சான் காப்பி அடித்ததை மிஸ் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, ஒரு வாரம் லேபுக்கு வெளியே நிற்கவைத்தார். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் நடந்ததே இல்லை. அப்போது ஆர்க்கூட் புதிதாக வந்து, பிள்ளைகள் எல்லாம் பித்துப் பிடித்து அலைந்த நேரம். யாரையாவது பிடிக்கவில்லை என்றால் 'இன்னாரை வெறுப்போர்' என்று அதில் ஒரு குழு ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாருக்கு ஒன்று, பி.டி. வாத்தியாருக்கு ஒன்று. ரசம் சாதத்தை வெறுப்போருக்குக்கூட ஒன்று இருந்தது. கிறிஸ்டினா சௌக்கத் அலியின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஐரீன் மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பேரில் 'ஆசிட் மிஸ்ஸை வெறுப்போர்' என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தின் பேரையும் மிஸ்ஸின் முழுப் பேரையும் மறக்காமல் போட்டாள்.

முதலில் வெறும் கிண்டல்தான். மிஸ்ஸின் புடவை, மிஸ்ஸின் நடை, மிஸ்ஸின் டிபன் பாக்ஸில் தினமும் வரும் கருவாடு. அதோடு விட்டிருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருப்பி எழுதிய நோட்டைக் கொடுக்க லேபுக்குப் போனாள். உள்ளே மேஜைமேல் ஆசிட் பாட்டில் உடைந்து புகைந்துகொண்டிருந்தது. குழாயடியில் மிஸ் அழுதுகொண்டு நின்றார். லேப் அட்டெண்டர் மனோகரன் மிஸ்ஸின் வலது கையை ஓடும் தண்ணீருக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கைய எடுக்காதீங்க டீச்சர், இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் தலையைத் தூக்கி வாசலில் நின்ற கிறிஸ்டினாவைப் பார்த்தார். கிறிஸ்டினா பயந்து ஓடிவிட்டாள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் குழுவில் எழுதினாள். 'நேத்து ஈவ்னிங் லேப்ல ஆசிட் மிஸ் கைய அட்டெண்டர் மாமா புடிச்சினு நிக்கிறாரு. மிஸ் அழுவுது. இன்னா மேட்டர்னு யாருக்காச்சும் தெரியுமா?'

கையை எழுதினாள். அழுததை எழுதினாள். ஆசிட்டை எழுதவில்லை. எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள், பாவி. பரீட்சை நெருங்கியதும் அந்த விளையாட்டே சலித்துப்போய், 'டெரர் மாமு' என்று புலிப்படம் போட்டுக்கொண்டு திரிந்த யாரோ ஒருவன் கேட்டான் என்று குழுவையே அவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்தவள் அதோடு மறந்தும் போனாள். ஓலையில் மிஸ்ஸின் பேரைக் கேட்டபோதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலேஜ் விட்டதும் நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

"இன்னாம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார் சௌக்கத் அலி. "நோட்டுல பேரு அட்ரஸ் எழுதிட்டு மூணாவதுல ஒக்காரு. ரெண்டாவதுல மவுஸ் பேஜாரு பண்ணுது."

பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். அவள் விட்டுப் போனபோது நாற்பது பேர். இப்போது முந்நூற்றுப் பதினெட்டு. அவள் எழுதிய அந்த மூன்று வரிக்குக் கீழே பக்கம் பக்கமாக வளர்ந்து கிடந்தது. 'நானும் பாத்துகீறேன்.' 'வெள்ளிக்கிழமைன்னா லேப் கதவ சாத்திடுவாங்க.' 'கண்ணால பாத்தேன், சாமி சத்தியம்.' ஒருவன் நாள், கிழமை, மணி எல்லாம் போட்டு ஒரு கதையே எழுதியிருந்தான். 'அதான் அந்த மாமா வேலைய வுட்டு ஓடிட்டாரு' என்று ஒருத்தி முடித்து வைத்திருந்தாள். மனோகரன் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போனவர். பள்ளிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த லட்டைக் கிறிஸ்டினாவும் தின்றிருக்கிறாள்.

குழுவை மூட அவளுக்கு இப்போது அதிகாரம் இல்லை. புலிப்படக்காரனுக்கு 'ப்ளீஸ் அண்ணா, அழிச்சிடுங்க' என்று நாலு தடவை எழுதினாள். அவன் கடைசியாக அந்தப் பக்கம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசியில் அவளால் முடிந்த ஒன்றைச் செய்தாள். தான் எழுதிய மூன்று வரியை மட்டும் அழித்தாள். அழிந்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. தன் பங்குப் பாவம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, சௌக்கத் அலியிடம் சிரித்துவிட்டுக்கூட வந்தாள். தான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

புதன்கிழமை காலை தண்ணி லாரிக்குக் குடத்தோடு போன எல்சி, சேதியோடு திரும்பி வந்தாள்.

"அடிப்பாவி மகளே, கேட்டியா? ஐரீன் டீச்சர் கல்யாணம் நின்னுபோச்சாம். மாப்ளையோட அக்கா பொண்ணு, வரப்போற மாமியோட போட்டோ கெடைக்குமான்னு கம்ப்யூட்டர்ல தேடிகீது. அதுல இன்னான்னாவோ எழுதி வெச்சிகீறாங்களாம். யாரோ அட்டெண்டராம், லேபாம், சொல்லவே வாய் கூசுது. எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சி எடுத்துகினு வந்து அக்காகாரி கைல குட்த்துட்ச்சாம். எந்தக் கலீஜு புடிச்ச நாய் எழுதிச்சோ, அது வாயில புழு வைக்க."

கிறிஸ்டினா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "நான்தாம்மா" என்றாள்.

எல்சி முதலில் நம்பவில்லை. பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அறைந்த கையோடு கதவைச் சாத்தினாள். அடுத்து அவள் சொன்னதுதான் அறையைவிட வலித்தது.

"வாயத் தொறக்கக் கூடாது. புரிதா? உங்கப்பா ஹார்பர்ல இருந்து வந்தா அந்த மனுசனாண்டயும் சொல்லாத. அந்தம்மாவுக்கு நடந்தது நடந்துபோச்சி. உன் பேரு வெளிய வந்தா, நாளைக்கு உனக்கு யாரு ஓலை படிப்பா?"

இரண்டு நாள் கிறிஸ்டினா வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடினால் மிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஃபாதரிடம் சொல்லிவிட்டால் அவர் எண்ணூர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேசிச் சரி பண்ணிவிடுவார் என்று தோன்றியது. கோயிலுக்குப் போனாள். ஃபாதர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், பாவமன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டில், உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் முழங்காலிட்டு, பலகை வலைக்குப் பின்னால் தெரிந்த காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஃபாதர் வலைக்கு இன்னும் நெருங்கி வந்தார்.

"ஏம்மா, இத ஆபீஸ் ரூம்ல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. "இங்க கேட்டத நான் வெளிய ஒரு வார்த்தை பேச முடியாது. உன்னத் தெரிஞ்ச மாதிரிகூடக் காட்டிக்க முடியாது. நீயே போய் எண்ணூர்க்காரங்ககிட்ட சொல்லணும். சொல்வியா?"

"சொல்றேன் ஃபாதர்."

"அஞ்சு அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லு. ஆண்டவர் மன்னிச்சிட்டார். சமாதானமாப் போ."

அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் பீடத்துக்கு முன்னால் அஞ்சு மந்திரம் சொல்லி முடித்தாள். ஆண்டவர் அவசரப்பட்டுவிட்டார் என்று அவளுக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு எண்ணூர் பஸ் ஏறினாள். கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் தாண்டியும் வரிசை கட்டி நின்றன. பஸ் நகர்வதும் நிற்பதுமாகப் போக, போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனாள்.

டெரிக் ஒரு ஃபவுண்டரியில் ஃபிட்டர். அம்மா இல்லாத பிள்ளையை அக்கா வளர்த்திருந்தாள். வீட்டில் இரண்டு பேருமே இருந்தார்கள். டெரிக் தலை நரைக்க ஆரம்பித்த, சாதுவான மனிதன். பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாளாக அப்படித்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. கிறிஸ்டினா நின்றபடியே முழுவதையும் சொன்னாள். பாட்டில் உடைந்ததை, புகையை, குழாயை, தான் எதை எழுதி எதை விட்டாள் என்பதை எல்லாம் சொன்னாள். டெரிக் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. அதைப் பார்த்ததும் கிறிஸ்டினாவுக்கு உயிர் வந்தது.

அக்கா உள்ளே போய் அந்தக் காகிதக் கட்டை எடுத்து வந்தாள்.

"நீதான் மொதல்ல எழுதுன. சரி. இதுல உன் பேரு எங்க கீது, காட்டு."

கிறிஸ்டினா புரட்டினாள். இருக்காது என்று தெரிந்தும் புரட்டினாள். செவ்வாய்க்கிழமை அச்சடித்தது. அவள் பேர், அவள் வரி, எதுவும் இல்லை. 'நானும் பாத்துகீறேன்' என்பதில்தான் முதல் பக்கமே தொடங்கியது.

"அழிச்சிட்டேன் ஆண்ட்டி. திங்கக்கெழம."

"அழிச்சிட்டியா. சர்தான்." அக்கா காகிதத்தை வாங்கி மடித்தாள். "இதோ பாரும்மா, நீ ஒர்த்தி பொய்யின்ற. கண்ணால பாத்தேன்னு நாப்பது பேரு சொல்லிகீறான். நாப்பது பேருமா பொய்யி? உன்ன யாரு அனுப்பிச்சா? டீச்சர்தான அனுப்பிச்சாங்க? அவங்க ஸ்டூடண்ட்தான நீ?"

"இல்ல ஆண்ட்டி, சத்தியமா அவங்களுக்குத் தெரியாது. அவங்க கையில தழும்புகூட கீது, வாட்ச்ச கழட்டிப் பாத்தீங்கன்னா..."

"தழும்பு ஆயிரம் கீது. எண்ண சட்டி சுட்டாலும் தழும்புதான். நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லு. இது பொய்யின்னா, ரெண்டு வருசமா ஊரே படிச்சினு கீதே, அந்தம்மா ஏன் ஸ்கூல்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுக்கல? மடியில கனம் இல்லாதவ சும்மா இருப்பாளா?"

முதல்முறையாக டெரிக் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் வந்தா போதும்ல? விசாரிச்சோம், பொய்யின்னு."

அக்கா அவனைப் பார்த்தாள். அவளும் கெட்டவள் இல்லை. தம்பிக்கு நாற்பது வயது ஆகப்போகிறதே என்ற கவலை அவளுக்கும்தான் இருந்தது.

"வந்தா போதும். நாளைக்கே மூணாவது ஓலை படிக்கச் சொல்றேன். லெட்டர் இல்லாம என் தம்பி தலைய நாலு பேரு முன்னாடி நான் குனிய வுட மாட்டேன்."

கிறிஸ்டினா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஒரு லெட்டர். அவ்வளவுதானே. மிஸ் நிச்சயம் அப்போதே புகார் கொடுத்திருப்பார், யார் என்று தெரியாததால் வெளியே வராமல் போயிருக்கும், பள்ளிக்கூடத்து ஃபைலில் ஒரு காகிதம் இல்லாமலா போகும் என்று லாரிகளைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வாரம் முழுவதிலும் அவள் சந்தோஷமாக இருந்த நேரம்.

மிஸ் வீட்டில் கல்யாணத்துக்கு அடித்த வெள்ளையின் வாசனை இன்னும் போகவில்லை. மிஸ் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கையில் கடிகாரம் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி, காப்பு போட்ட மாதிரி, பழுப்பாய்ச் சுருங்கிய தோல்.

"வா" என்றார். "ஒக்காரு. முடிச்சிட்டு வரேன்."

கடைசிக் கரண்டி வரைக்கும் நிதானமாக ஊட்டி, அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு, முன்னறைக்கு வந்தார். கிறிஸ்டினா அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். எழுதியது, அழித்தது, எண்ணூர், லெட்டர். "ஒரு லெட்டர் இருந்தா போதுமாம் மிஸ். டெரிக் சாரே சொன்னாரு. நீங்க அப்ப குடுத்த கம்ப்ளெய்ண்ட் இருக்கும்ல மிஸ்?"

"இல்ல" என்றார் மிஸ்.

கிறிஸ்டினா விழித்தாள்.

"லெட்டருக்காக வியாழக்கெழமையே ஸ்கூலுக்குப் போனேன். இப்ப புது பிரின்சிபால். புகாரே இல்லாதப்ப எத விசாரிச்சோம்னு எழுதுறதுன்றாங்க. நியாயம்தான. இப்ப எழுதிக் குடுத்தா விசாரிப்பாங்களாம். அது முடியிற வரைக்கும் என்ன லீவுல இருக்கச் சொன்னாங்க."

"நான் வந்து சொல்றேன் மிஸ். நான்தான் எழுதினேன்னு அவங்ககிட்ட..."

"நீ இப்ப ஸ்கூல் பொண்ணு இல்ல. டெரிக்கோட அக்கா சொன்ன மாதிரி, நான் அனுப்பிச்ச ஆளு. மனோகரன் சார் வந்து சொன்னாலும் அதேதான்." மிஸ் தழும்பை விரலால் தேய்த்துக்கொண்டார். "அன்னிக்கு நீ ஸ்கூல் பொண்ணா இருந்த. அன்னிக்கு சொல்லியிருந்தா ஆயிருக்கும்."

"நான்தான்னு உங்களுக்கு..."

"தெரியாதா? வாசல்ல நின்னது நீ ஒருத்திதான. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தங்க காட்டினாங்க. படிச்ச ஒடனே தெரிஞ்சிபோச்சு. ரெண்டு பக்கம் கம்ப்ளெய்ண்ட் எழுதினேன். உன் பேரு, தேதி, மனோகரன் சார் சாட்சி, எல்லாம் போட்டு. எடுத்துகினு பிரின்சிபால் ரூம் வாசல்ல நின்னேன்."

உள்ளே அம்மா இருமினாள். மிஸ் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"குடுத்தா உன்ன அன்னிக்கே அனுப்பிச்சிருப்பாங்க. டி.சி.ல எழுதிடுவாங்க. அத வெச்சினு வேற எந்த ஸ்கூலும் சேக்க மாட்டான். பதினாறு வயசு. கெமிஸ்ட்ரி நல்லா வரும் இந்தப் பொண்ணுக்கு. ரெகார்ட கிழிச்ச கோவத்துல எழுதிட்ச்சி, வளந்தா புத்தி வரும்னு நெனச்சேன். வாசல்லயே கிழிச்சிப் போட்டுட்டு க்ளாஸுக்குப் போயிட்டேன். அன்னிக்கு உனக்குதான் க்ளாஸு. முன் பெஞ்சுல ஒக்காந்துகினு என்ன நேரா பாத்துகினு இருந்த."

கிறிஸ்டினாவுக்கு அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. மிஸ்ஸின் கைக்கட்டைப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணோடு சிரித்ததும் ஞாபகம் வந்தது. செத்துப்போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"மிஸ், என்ன மன்னிச்சிடுங்க மிஸ்."

"மன்னிச்சாச்சே" என்றார் மிஸ். "அதத்தான சொல்லிகினு கீறேன். ரெண்டு வருசம் முன்னாடியே மன்னிச்சாச்சு. அன்னிக்கு உன்ன மன்னிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு என் கையில ஒரு காயிதம் இருந்திருக்கும்."

அவர் கத்தியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், கிறிஸ்டினா அவர் காலிலாவது விழுந்திருப்பாள். மிஸ் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உன் மேல கோவம் இல்ல. போ. இன்னொரு தபா வந்து மன்னிப்பு கேக்காத. எங்கிட்ட இல்ல."

மறுநாள் மூன்றாம் ஞாயிறு. மிஸ் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தார். வழக்கமான இடத்தில், வழக்கமான முக்காட்டோடு உட்கார்ந்தார். போன வாரம் அவரை ஒட்டி உட்கார்ந்த இரண்டு பெண்கள் இந்த வாரம் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி நன்றாகத் தெரிந்தது.

பிரசங்கம் முடிந்து லியோனார்ட் ஃபாதர் அறிவிப்புத் தாளை எடுத்தார். இரண்டு ஓலை வாசித்தார். ஒன்று பனைமரத்தொட்டிப் பையனுக்கு, முதல் அறிவிப்பு. ஒன்று காசிமேட்டுப் பெண்ணுக்கு, மூன்றாம் அறிவிப்பு. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்துவிட்டு, தாளை மடித்துக்கொண்டு, ஒரு கணம் மாடியைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

கிறிஸ்டினா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கத்திவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் எந்த இடத்தில் கத்துவது? தடை உண்டு என்று தெரிந்தவர்கள் வாயைத் திறக்கத்தான் அந்தக் காகிதத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். தடை எதுவும் இல்லை என்று தெரிந்த ஒருத்தி எழுந்து சொல்ல, மூன்று ஓலையிலும் ஒரு வரி கிடையாது. கீழே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எல்சி, மகள் எழுந்ததைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஃபாதர் பாடகர் குழுவுக்குச் சைகை காட்டினார். ஆர்மோனியம் சுருதி எடுத்தது. அவள் எழுந்து நிற்பதைப் பார்த்து, அவள்தான் தொடங்கப்போகிறாள் என்று குழுவில் எல்லாரும் காத்திருந்தார்கள். கீழே மிஸ் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை. கிறிஸ்டினா பாடினாள். அன்றைக்கு அவள் குரல் ரொம்ப நன்றாக இருந்தது என்று பூசை முடிந்து நாலு பேர் எல்சியிடம் வந்து சொன்னார்கள்.